சிறு விமானமும் நமது வானமும்

(எமது இளைஞர் மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இம்மேடையில் ஏறுவோர் வழக்கமாகக் கல்வியைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோ பேசுவர். நான் எடுத்துக்கொண்ட பொருளோ பலருக்கு விளையாட்டுச் சாமானாகத் தோன்றும். செயலாளர் அண்ணா தலைப்பைக் கேட்டபோது, "றேடியோவால் இயக்கும் சிறு விமானம்" என்றேன். அவர் என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, பெரியவங்களும் வருவாங்க. அவங்களுக்கும் விளங்கிற மாதிரிச் சொல்லு" என்றார். அவ்வாறே சொல்ல முயல்கின்றேன். பிழை இருப்பின் பொறுத்தருள வேண்டுகின்றேன்.

அன்புவழிபுரத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு விமானம் புதிதன்று. சீனக்குடா விமானத்தளம் நமக்கு அயல். வான்படையினர் தம் புதிய விமானிகளை அங்கேதான் பழக்குகின்றனர். பி.ரி.-6 என்னும் இருவர் அமரும் சிறிய பயிற்சி விமானங்கள் அங்கிருந்து எழும்புவதுண்டு. நான் சிறுவனாயிருந்தபோது தூரத்தில் அவற்றுள் ஒன்று மேலே ஏறி, வட்டமிட்டு, முதுகு கீழாகப் புரண்டு மீண்டும் நிமிர்ந்ததைக் கண்டேன். அன்று கடைக்குப் போன காரியத்தையே மறந்து வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். தலைகீழாய்ப் போன விமானம் ஏன் விழவில்லை என்பதே என் கேள்வி. அத்தொழிலின் ஆபத்தையும் பின்னர் அறிந்தேன். 2023 ஆகஸ்ட் 7ஆம் நாள் அதே சீனக்குடாவில் பயிற்சி விமானம் ஒன்று விழுந்து வான்படையினர் இருவர் உயிரிழந்த செய்தி உங்களுக்கும் நினைவிருக்கும்.

நான் படித்தது ஒரு மிசன் கல்லூரி. அங்கே எங்கள் பௌதிகவியல் ஆசிரியரிடம் என் கேள்வியைக் கேட்டேன். அவர் அப்பியாசக் கொப்பியிலிருந்து ஒரு நீளத் துண்டைக் கிழித்து, அதன் நுனியைக் கீழுதட்டின் அருகே பிடித்து, அதன் மேற்பக்கமாக ஊதினார். தொங்கிய தாள் மேலே எழுந்தது. "இதை முதலில் விளங்கிக்கொள். தலைகீழ் பிறகு வரும்" என்றார். பிறகு வந்தது, ஆனால் எட்டு ஆண்டுகள் சென்றன.

சிறு விமானத்தைத் தரையில் நின்று றேடியோவால் இயக்கும் கலைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1898இல் நிக்கொலா ரெஸ்லா என்னும் அறிஞர் நியூயோர்க் நகரில் ஒரு சிறு படகைக் கம்பியில்லா முறையால் தடாகமொன்றில் ஓட்டிக் காட்டினார். 1937இல் அமெரிக்க இரட்டைச் சகோதரர்களான வோல்ற்றர் குட், வில்லியம் குட் என்போர் தாம் செய்த சிறு விமானத்தை றேடியோவால் பறக்கவிட்டனர். அவ்விமானம் இன்றும் அமெரிக்காவின் சிமித்சோனியன் நூதனசாலையிற் பேணப்படுகின்றது. வானில் வித்தை செய்யும் சிறு விமானங்களுக்கான முதலாவது உலகப் போட்டி 1960இல் சுவிற்சர்லாந்தில் நடைபெற்றது. இன்று அப்போட்டியில் இறங்கும் விமானம் நீளத்திலும் அகலத்திலும் 2 மீற்றரையும், நிறையில் 5 கிலோவையும் மிஞ்சலாகாது என்பது விதி.

இவை தூர தேசத்துச் செய்திகள் என்று எண்ணவேண்டாம். இராமேசுவரத்துப் பிள்ளையான அப்துல் கலாம் அவர்கள், திருச்சியில் சூசையப்பர் கல்லூரியில் பட்டம் பெற்று, சென்னைக் குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.ரி.யில் விமானப் பொறியியல் கற்றவர். தாழப் பறக்கும் தாக்குதல் விமானம் ஒன்றை வரைந்து தரும் வேலை அங்கே அவரது குழுவுக்கு வாய்த்தது. வேலை பின்தங்கியதைக் கண்ட பேராசிரியர் மூன்றே நாள் தவணை கொடுக்க, இராப்பகலாய் உழைத்து முடித்ததை அவரே எழுதியிருக்கின்றார். அதே எம்.ஐ.ரி.யின் தக்ஷா என்னும் மாணவர் குழு, 2018இல் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. அக்குழுவுக்கு ஆலோசகராக நின்றவர் நடிகர் அஜித் குமார். அவர் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் தம்பிமார், அவர் கையிற் சிறு விமானமும் பறக்கும் என்பதை அறிந்து கொள்க.

நம் நாட்டிலும் ஒருவர் இருந்தார். நமது வயல்களில் ஓடும் இருசில்லு உழவு இயந்திரத்தை நாம் "லாண்ட்மாஸ்டர்" என்கிறோம் அல்லவா? அப்பெயரோடு வந்த இயந்திரத்தை ஆக்கிய பொறியியலாளர் ரே விஜேவர்தன அவர்களே அவர். 1924இல் பிறந்து 2010இல் மறைந்தார். கேம்பிறிட்ஜிற் படித்தவர், 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டியவர், தமக்கு வேண்டிய சிறிய விமானங்களைத் தாமே செய்து பறந்தவர். உழவு இயந்திரத்தைத் திருத்திய அதே கைதான் விமானத்தையும் செய்தது என்பது என் மனத்தைப் பிடித்த செய்தி.

இனி என் கதைக்கு வருகின்றேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அழைப்புக்காகக் காத்திருந்த காலம் அது. அயலிலுள்ள பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்துச் சிறிது பணம் சேர்த்திருந்தேன். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் டொலரின் விலை சில கிழமைகளில் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. முழு விமானம் வாங்க நினைத்த பணத்துக்கு மோட்டரும் றேடியோவும் பற்றரியுமே கிடைத்தன. உடலை நானே செய்யவேண்டியதாயிற்று. கடைகளிற் பெட்டிகளுக்குள் வைக்கும் ரெஜிபோம் அட்டை, காபன் குச்சிகள், ஒட்டுப் பசை, பிளேட் கத்தி ஆகியவற்றைக் கொண்டு இரு மாதங்களில் ஒரு விமானம் உருவாயிற்று. இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 1.2 மீற்றர். நிறை ஒரு கிலோவுக்குச் சற்று மேல்.

பழகுவோருக்கான விமானம் வேறு, வித்தைக்கான விமானம் வேறு. பழகுவோர் விமானத்தின் இறக்கை உடலுக்கு மேலே இருக்கும்; நுனிகள் சற்று உயர்ந்திருக்கும்; அடிப்பக்கம் தட்டையாயிருக்கும். அது சரிந்தாலும் தானே நிமிர முயலும். வித்தை விமானத்தின் இறக்கை உடலின் நடுவே நேராக இருக்கும். அதன் மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒரே வளைவு. நிமிர்ந்து பறந்தாலும் கவிழ்ந்து பறந்தாலும் அதற்கு ஒன்றே. அது தானாக ஒன்றையும் செய்யாது. நாம் விட்ட நிலையிலேயே போய்க்கொண்டிருக்கும். தவறாக விட்டால் தவறாகவே போகும்.

அதைத் திருப்புவதற்கு மூவகைத் தட்டுகள் உண்டு. வாலில் நிமிர்ந்து நிற்பது சுக்கான். வள்ளமோட்டும் நம்மவர்க்கு அதை விளக்க வேண்டியதில்லை. வாலிற் படுத்திருப்பது மூக்கை ஏற்றவும் இறக்கவும் உதவுவது. இறக்கைகளின் பின்விளிம்பில் உள்ள இரண்டும் ஒன்று மேலே போக மற்றது கீழே போய் விமானத்தைச் சரிப்பன. இவற்றை அசைக்கச் சேவோ எனப்படும், தீப்பெட்டியிலும் சிறிய, 9 கிராம் மோட்டர்கள் உண்டு. கையிலிருக்கும் பெட்டியின் தடியை அசைத்தால் அவை அசையும்.

ஒருநாட் பின்னேரம் எல்லாவற்றையும் பொருத்திப் பின்வளவில் ஒரு மேசையிற் கட்டி வைத்து, முதன்முறையாக மோட்டரை முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். பெரிய தேன்வண்டுக் கூட்டம் எழுந்தாற் போன்ற இரைச்சல். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். குசினியில் நின்ற அம்மம்மா முற்றத்துக்கு ஓடிவந்து, அங்கே விளையாடிக்கொண்டிருந்த அயல்வீட்டுக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார். கட்டிலின் கீழே குழந்தையோடு அவர் குனிந்திருந்ததை உள்ளே போய்த்தான் கண்டேன்.

நான் மோட்டரை நிறுத்திவிட்டு அவர் பக்கத்தில் இருந்தேன். அவர் ஏசவில்லை. "தம்பி, இது பறந்தா நாங்க எங்க ஓடுறது?" என்று மட்டும் கேட்டார்.

இளைஞர்களே, நாம் வானத்தில் ஒலி கேட்டால் மேலே பார்க்கின்றோம். நம் பெரியோர் கூரையைத் தேடுகின்றனர். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின. எண்ணெய்த் தாங்கி ஒன்று அன்று எரிந்தழிந்த கதையை அம்மம்மா தம் தாயார் சொல்லக் கேட்டவர். 2006இல் சம்பூர்ப் பக்கம் குண்டு வீசிய விமானங்களின் ஒலி அவர் தாமே கேட்டது. 2008 ஆகஸ்டில் ஓரிரவு, சிறு விமானம் வந்து கடற்படைத் தளத்தின்மேற் குண்டு போட்டபோது எனக்கு அறிவு தெரியாத வயது. அன்றும் அம்மம்மாதான் என்னைத் தூக்கிக்கொண்டு கட்டிலின் கீழே புகுந்தாராம். என் விமானத்தின் ஒலி எனக்குப் புதிது. அவருக்கு அது பழையது.

அதற்கு மேல் சட்டமும் உண்டு. 2019 ஏப்ரல் 21ஆம் நாட் குண்டுவெடிப்புகளின் பின் ஆளில்லா வானூர்திகள் நாடெங்கும் தடுக்கப்பட்டன. பின்னர் அனுமதி முறை திரும்பியபோதும், சிவில் விமான சேவைகள் அதிகார சபையினதும் பாதுகாப்பு அமைச்சினதும் விதிகளுக்கு அடங்கியே பறக்கவிட வேண்டும். விமானத்தளத்துக்கும் கடற்படைத் தளத்துக்கும் இவ்வளவு அருகில் வாழும் நாம், நினைத்த இடத்தில் நினைத்த நேரத்தில் எதையும் மேலே அனுப்ப முடியாது. முதலில் இது எனக்குக் கசந்தது. ஆனால் பயிற்சி விமானம் இறங்கும் பாதையில் ஒரு கிலோ நிறையுள்ள பொருளொன்று குறுக்கிட்டால் என்ன நேரும் என்று எண்ணிப் பார்த்தேன். கசப்பு முழுவதும் போகவில்லை. எனினும் காரணம் விளங்கிற்று. விமானத்தை அலுமாரியின் மேல் வைத்துத் துணியால் மூடினேன். ஓராண்டுக்கு மேல் அது அங்கே இருந்தது.

பல்கலைக்கழகம் சென்றபின் விமானப் பைத்தியம் பிடித்த மூத்த மாணவர் சிலரைக் கண்டேன். அவர்கள் தென்னிலங்கையில் ஒரு திடலில் முறைப்படி அனுமதி பெற்றுப் பறக்கவிடுவோர். என்னையும் சேர்த்துக்கொண்டனர். ஆனால் கணினியிற் பறக்கும் பயிற்சியை இருபது மணித்தியாலம் செய்த பின்னரே திடலுக்கு வரலாம் என்றனர். நான் பன்னிரண்டு செய்துவிட்டு இருபது என்றேன். அந்தப் பொய்க்கு விலை கொடுக்க நேர்ந்தது.

முதல் நாள் விமானம் என் கையிலிருந்து எழும்பியது. இடப்பக்கம் சற்றுச் சரிந்தது. நிமிர்த்துவதற்காகத் தடியை வலப்பக்கம் தள்ளினேன். அது மேலும் இடப்பக்கம் சரிந்தது. இன்னும் தள்ளினேன். முற்றாகக் கவிழ்ந்து மண்ணிற் குத்திற்று. நாலு விநாடி இருக்கும். மூக்கு நொறுங்கி, இறக்கை இரண்டாயிற்று.

றேடியோ பழுது என்று நான் சொன்னேன். மூத்த மாணவர் ஒருவர் ஒன்றும் பேசாமல் உடைந்த துண்டுகளை மேசையில் அடுக்கித் தடியை வலப்பக்கம் அசைத்தார். வலத் தட்டு கீழே போயிற்று. அது மேலே போயிருக்க வேண்டும்! வீட்டில் நான் விமானத்தின் மூக்கை என் பக்கம் வைத்துக்கொண்டு சோதித்திருந்தேன். எதிரே நிற்பவனின் வலம் நமக்கு இடமாகத் தோன்றுவது போல, எனக்கு எல்லாம் மாறித் தோன்றியிருந்தது. பின்னால் நின்று ஒருமுறை பார்த்திருந்தால் அரை நிமிடத்திற் பிழை அகப்பட்டிருக்கும். றேடியோ நான் சொன்னதைச் செய்தது. நான்தான் தவறாகச் சொன்னேன்.

ஒட்டித் திருத்தினேன். திருத்தும்போது மேலும் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். பெரிய விமானிகள் பற்றரியைப் பின்னுக்குத் தள்ளி, தட்டுகளை அதிகம் அசையவிட்டால் வித்தைக்கு நல்லது என்று எங்கோ படித்து, இரண்டையும் ஒரே நாளிற் செய்தேன். வள்ளத்தில் முழுப் பாரத்தையும் கடையாரில் ஏற்றினால் அணியம் எழும்பிச் சொன்னவழி கேளாது என்பது எந்த மீனவருக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. விமானம் தொட்டதற்கெல்லாம் துள்ளியது. நல்வேளையாகப் புல்லில் விழுந்தது.

அதன்பின் மூத்தோர் சொன்னபடி நடந்தேன். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே. அதைக் கொப்பியில் எழுதி, பறக்கவிட்டுப் பார்த்து, பின்னரே அடுத்தது. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் ஏறக்குறையக் காற்பங்கு தூரத்தில் இரு விரல்களால் தாங்கினால் விமானம் மட்டமாக நிற்க வேண்டும். அங்கிருந்து பற்றரியை ஒவ்வொரு முறையும் 5 மில்லிமீற்றராகப் பின்னுக்கு நகர்த்தினேன். தடியின் நடுப்பகுதியில் தட்டுகள் மெதுவாகவும் ஓரத்தில் வேகமாகவும் அசையுமாறு றேடியோவில் அமைத்தேன். விட்டுப்போன எட்டு மணித்தியாலக் கணினிப் பயிற்சியையும் செய்து முடித்தேன்; பொய் சொன்னதையும் ஒப்புக்கொண்டேன். அவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு முன்னமே தெரியுமாம்.

என் சிறுவயதுக் கேள்விக்கு மறுமொழி ஆறு மாதங்களின் பின் கிடைத்தது. கவிழ்ந்து பறக்கும்போது விமானம் மெல்ல மூக்கைத் தாழ்த்தும். பயந்தவன் கை, வழக்கம்போல், தடியைத் தன் பக்கம் இழுக்கும். நிமிர்ந்த விமானத்தை அந்த இழுப்பு மேலே ஏற்றும். கவிழ்ந்த விமானத்தையோ நேரே தரைக்கு அனுப்பும். அப்போது தடியை முன்னுக்குத் தள்ளவேண்டும். இரு பக்கமும் ஒரே வளைவுள்ள இறக்கை அப்போது காற்றைச் சரியான கோணத்தில் எதிர்கொண்டு தாங்கும். என் ஆசிரியரின் தாள் எழுந்ததும் காற்றினால்தான். விழாமற் காப்பது இவ்வளவே. ஆனால் பயத்தின்போது கையைப் பழக்கத்துக்கு மாறாக அசைப்பது படித்து வருவதன்று. பலமுறை செய்து வருவது. முதன்முறை பத்து விநாடி கவிழ்ந்து பறந்து நிமிர்ந்தபோது என் முழங்கால் நடுங்கியது.

விடுமுறையில் வந்தபோது அந்தக் காட்சியைக் கைத்தொலைபேசியில் அம்மம்மாவுக்குக் காட்டினேன். ஒலியை நிறுத்திவிட்டே காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருமுறை பார்த்தார்.

"உள்ளுக்கு ஒருத்தரும் இல்லையே?"

"இல்லை அம்மம்மா."

"அப்ப சரி" என்றார். பிறகு ஒலியோடும் காட்டச் சொன்னார்.

பெரியோர்களே, இவ்வளவும் சொன்னது ஒரு விண்ணப்பத்துக்காகவே. பரீட்சை எழுதிவிட்டு அழைப்புக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் இவ்வூரில் பலர். அழைப்பு வராதவர்கள் அதிலும் பலர். கையில் திறமை இருந்தும் பிடிக்க ஒரு கருவி இல்லாமல், கைத்தொலைபேசியைப் பார்த்தபடி மதகிலே அமர்ந்திருக்கின்றனர். நம் மன்ற மண்டபத்தின் பின்னறையில் ஒரு நீள மேசையும், கிழமையில் ஒரு மாலை நேரமும் தாருங்கள். றேடியோவும் மோட்டரும் வேண்டாம். ரெஜிபோம் அட்டையில், கையால் எறிந்து மிதக்கவிடும் சிறு விமானங்களைச் செய்வோம். அதற்கு ஒலி இல்லை. விளையாட்டுத் திடலின் எல்லையைத் தாண்டாது. பாரம் எங்கே இருக்கவேண்டும், இறக்கை ஏன் தாங்குகின்றது, ஒரு முறைக்கு ஒரு மாற்றம் என்பதெல்லாம் அதிலேயே கற்கலாம். விடுமுறை தோறும் நான் வந்து சொல்லித்தருவேன். அதில் தேறியவர்களை, அனுமதியுள்ள திடலுக்கு அழைத்துச் செல்வதும் என் பொறுப்பு.

எறியும் முதல் நாளுக்கு முன், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வீடுவீடாக வருவேன். என்ன பறக்கப் போகின்றது என்பதை ஒவ்வொரு அம்மம்மாவுக்கும் அப்பப்பாவுக்கும் கையிற் கொடுத்துக் காட்டுவோம். நம் வானத்தில் எதுவும் அவர்கள் அறியாமல் எழவேண்டாம்.